எங்கள் வீட்டு வேனும் அப்பாவின் நோட்டும்

உவரியில் செவ்வாய்க்கிழமை பொழுது விடிவது கடலோசையோடு மட்டுமன்று, வேன்களின் ஓசையோடுந்தான். புனித அந்தோணியார் திருத்தலத்தை நாடித் திசையன்விளைச் சாலையிலிருந்தும், கூடங்குளம் பக்கமிருந்தும், மணப்பாடு பெரியதாழை வழியாகவும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். அசனத்திற்கான அரிசி மூட்டை, அண்டா, விறகு, சில வேளைகளில் ஓர் ஆடும்கூடக் கூரைமேல் ஏறி வந்திருக்கும். வந்தவர்கள் கோவிலுக்குள் போய்விடுவார்கள். ஓட்டுநர் மட்டும் வண்டியின் நிழலில் துண்டை விரித்துக் கண்ணயர்வார். அவரை எழுப்பிப் பேச்சுக் கொடுப்பவர்களைக் கண்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும். ஏனெனில் நாங்கள் ஓர் ஓட்டுநரின் பிள்ளைகள்.

வாசக அன்பர்களுள் வேன் வைத்திருப்போர் சிலராகவே இருக்கலாம். ஆனால் திருமணத்திற்கோ, அடக்கத்திற்கோ, வேளாங்கண்ணிக்கோ வேனில் ஏறாத பங்குக் குடும்பம் நம் பகுதியில் உண்டா? ஆகவே இந்த எளிய விஷயத்தை இங்கே எழுதுவது பொருத்தமற்றதாகாது என நம்புகிறோம்.

1987ஆம் ஆண்டு அப்பா ஒரு பழைய மெட்டடோர் வேனை வாங்கினார். அம்மாவின் சங்கிலியும் பெரியப்பாவிடம் பெற்ற கைமாற்றுமே அதன் முதல். புனேயிலிருந்த பஜாஜ் டெம்போ நிறுவனத்தார் செய்த வண்டி அது. தட்டையான முகமும், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மூடியிட்ட எஞ்சினும் கொண்டது. அந்த மூடியின்மேல் உட்கார்ந்து தொடை வெந்த அனுபவம் அக்காலத்துப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும். எங்கள் வீட்டின் சோறு, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு அனைத்தும் அந்த வண்டியின் டீசல் தொட்டியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. ஆகவே அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், காற்று அடித்த நாள், எண்ணெய் மாற்றிய நாள் யாவும் அதில் பதிவாகும். இரவு உணவுக்குப் பின் அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக் கணக்குப் போடும்போது வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்திருந்தாலும் மறுநாள் விடியுமுன் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார்.

அவர் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதை நாங்கள் கண்டதில்லை. ஊரில் எங்கள் வண்டிக்கு 'ஆமை' என்றே பெயர். பின்னாலிருந்து ஹாரன் அடித்து முந்திச் செல்லும் வண்டிகளிலிருந்து இளைஞர்கள் கையாட்டிச் சிரிப்பார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். அப்பாவோ, "அவனவன் டீசல், அவனவன் காசு" என்று சொல்லிவிட்டு நடுக்கியர்களில் விளையாடாமல் மேல்கியரில் வண்டியை மெல்ல விட்டுக்கொண்டிருப்பார்.

படிக்காத அப்பா அனுபவத்தால் கண்டதையே அறிஞர்களும் கூறியிருக்கின்றனர் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். எண்ணெய்ச் சிக்கனத்திற்கென்றே 1978இல் மைய அரசு அமைத்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று தொடர்ந்து பரப்பி வந்துள்ளது. காரணம் எளிது. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். வேகம் கூடக்கூட அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். 60இல் போகும் வண்டி 80இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிவிடும். அதிலும் வேன் என்பது பலகை போன்ற முகத்தோடு நிற்கும் வண்டி. கூரைமேல் அண்டாவையும் விறகையும் கட்டிவிட்டால் கேட்கவேண்டியதே இல்லை.

இதனால் கிடைக்கும் நேரந்தான் எவ்வளவு? 60 கிலோமீட்டர் தொலைவை 60 வேகத்தில் கடக்க ஒரு மணி நேரம். 80இல் கடந்தால் முக்கால் மணி. அதுவும் வழியில் ஊரே இல்லாத சாலையானால். எங்கள் கடலோரச் சாலையிலோ ஊர் முடியுமுன் ஊர் தொடங்கும். முந்திப் போனவர்கள் அடுத்த தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் பற்றியும் ஒரு சொல். 60 வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆட்டைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடியாவது ஆகும். பிறகு பிரேக் பிடித்து வண்டி நிற்க வேண்டும். காய்ந்த நல்ல தார்ச்சாலையில், நல்ல பிரேக்கோடு, மொத்தம் சுமார் 40 மீட்டர் தேவை. 80 வேகத்திலோ அது சுமார் 65 மீட்டராகிவிடும். இடைப்பட்ட அந்த 25 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கலாம். வலை பின்னும் பெரியவர் நிற்கலாம். எங்கள் ஊர்களில் வீட்டு வாசல் என்பது பல இடங்களில் சாலையேதான்.

இதுவரை படித்தோர், அப்பாவின் சிக்கனம் எல்லாம் நன்மையாகவே முடிந்தது என எண்ணக்கூடும். அப்படியன்று. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

1991 செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உவரியிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வண்டியில் இருக்கவேண்டியவர்களைவிட மிகுதியான பேர் இருந்தோம். மடியில் இருந்த பிள்ளைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. தொண்டியைத் தாண்டி, உச்சி வெயிலில், முன்புற இடது டயர் வெடித்தது. துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஒலி. வண்டி இடப்புறம் இழுத்தது. அங்கே உப்பளம் போன்ற பள்ளம். அம்மா "மாதாவே" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டியைத் தானாகவே ஓய்ந்து நிற்கவிட்டார். பின்னர் பலரும் கூறினார்கள்: அந்த நொடியில் பிரேக்கை மிதித்திருந்தால் வண்டி புரண்டிருக்கும், 80இல் வந்திருந்தால் எந்தத் திறமையும் உதவியிராது. ஊர் திரும்பியதும் 'ஆமை' என்ற பெயர் சில காலம் மறைந்தது.

ஆனால் அந்த டயர் ஏன் வெடித்தது? அது தேய்ந்த டயரின்மேல் புதிய ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்தது. புதிய டயரின் விலைக்கு அஞ்சி அப்பா அதை முன்சக்கரத்தில் மாட்டியிருந்தார். அதனுடன் அளவு மீறிய சுமையும், காற்றுக் குறைவும் சேர்ந்தன. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரிந்து உள்ளுக்குள் சூடாகும். வண்டியை இழுக்க அதிக டீசலும் கேட்கும். வேளாங்கண்ணியில் காற்று அடிக்கும் கடையில் கூட்டம் என்று பார்க்காமலே கிளம்பிவிட்டோம். நோட்டில் அன்றிரவு அப்பா எழுதியது ஒரே வரி: 'முன்டயர் இரண்டும் புதுசு.' எங்களைக் காத்ததும் அவருடைய சிக்கனம். எங்களைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோனதும் அவருடைய சிக்கனமே. இதை அவரே உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

மற்றொன்று இதனினும் அச்சந்தருவது. பங்கு இளைஞர்களைத் தாமிரபரணி பிறக்கும் மலைப்பக்கம் அழைத்துச் சென்ற பயணம் அது. காரையாறு அணையைப் பார்த்துவிட்டுப் பாபநாசத்திற்கு இறங்கிக்கொண்டிருந்தோம். இறக்கத்தில் வண்டி தானாகவே ஓடுமே, எஞ்சின் எதற்கு டீசல் குடிக்கவேண்டும் என்பது அக்கால ஓட்டுநர்கள் பலருடைய கணக்கு. அப்பாவும் நியூட்ரலில் விட்டார். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கையே மிதிக்கவேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் ரப்பர் கருகுவது போன்ற வாடை வந்தது. பிறகு பெடலை மிதித்தால் வண்டி கேட்கவில்லை. டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருக்கும் கட்டைகள் பிடிமானத்தை இழந்துவிட்டன. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ இரண்டாம் கியரைத் திணித்தார், எஞ்சின் அலறியது. மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, பக்கவாட்டுத் தகரம் பாறையில் உராய, வண்டி நின்றது. எவருக்கும் காயமில்லை. அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. மிச்சப்பட்ட டீசல் ஒரு லிட்டர் இருக்குமா? தகரம் தட்டி, பெயிண்ட் அடித்து, பிரேக் மாற்றிய செலவை அம்மா பல ஆண்டுகள் சொல்லிக்காட்டினார்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலைச் சாலை ஓட்டுநர்களின் பழைய விதி. இன்றைய வண்டிகளுக்கு அது இன்னும் பொருந்தும். மின்னணு முறையில் டீசலைத் தெளிக்கும் புதிய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் முற்றாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது குடிக்கிறது. ஆக, நியூட்ரலில் மிச்சமாவது ஒன்றுமில்லை. எஞ்சினையே அணைத்துவிடுவோர் நிலை இன்னும் மோசம். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைவிசை கிடைக்கும். அது போய்விட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

அப்பாவிடமிருந்து வண்டி தம்பியின் கைக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அப்பா இன்று இல்லை. இப்போதிருப்பது பன்னிரண்டு இருக்கை வேன். மஞ்சள் பலகை போட்டது. நோட்டும் தொடர்கிறது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறோர் எதிரி உண்டு, அது உப்புக்காற்று. உள்நாட்டு வண்டிகள் பத்தாண்டில் காணும் துருவை எங்கள் வண்டிகள் சில ஆண்டிலேயே காணும். மேலே பளபளவென்று கழுவிவிட்டுக் கீழே பாராதவர்களே மிகுதி. பிரேக் எண்ணெய் செல்லும் குழாய் அடியில்தானே இருக்கிறது! தம்பி வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தை அடித்துக் கழுவுகிறான்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று உயரமான வேனைப் பக்கவாட்டில் தள்ளும். லாரி ஒன்றை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்று, முந்தி வெளியே வந்ததும் பளாரென்று அறையும். சாலையில் படியும் மணலும் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் சக்கரத்தை வழுக்கச் செய்யும். இவையனைத்திற்கும் மருந்து, மறுபடியும், வேகத்தைக் குறைப்பதே.

தம்பி வண்டியை எடுத்தபோது நாங்கள் வீட்டில் கூடிப் பேசி ஒரு விதி செய்தோம்: நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்து மணிவரை வண்டி ஓடாது. இதனால் சவாரிகள் பல கைநழுவின. இரவில் புறப்பட்டு விடியலில் சேரவேண்டும் என்பதே பயணிகளின் விருப்பம். ஒரு நாள் கூலியும் மிச்சம், தங்கும் அறைச் செலவும் மிச்சம். ஆனால் பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்து வரை மனித உடல் தூக்கத்தையே நாடும்படி படைக்கப்பட்டிருக்கிறது. பாட்டுப் போடுவதும், ஜன்னலைத் திறப்பதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் சில நிமிடங்களுக்கே உதவும். காப்பி வேலை செய்யவும் அரை மணி ஆகலாம். நிறுத்திவிட்டு ஓர் இருபது நிமிடம் தூங்குவதற்கு ஈடு இல்லை. அன்பர்களே, உங்களை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போகும் ஓட்டுநர் முந்தைய இரவு எங்கே தூங்கினார் என்று என்றாவது கேட்டதுண்டா? வாடகையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறோம்.

அந்த நேரத்தில் சாலையில் நடப்பவர்களையும் எண்ணவேண்டும். வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடப்பவர்கள், தைப்பூசத்தில் நெல்லையிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியே திருச்செந்தூருக்குப் பச்சையுடுத்தி நடப்பவர்கள், யாவரும் வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடக்கின்றனர். பின்னாலிருந்து வரும் தூக்கக் கலக்கமுள்ள ஓட்டுநருக்கு அவர்கள் கடைசி நொடியில்தான் தெரிகிறார்கள். துணிப்பையின் பின்புறம் ஒளி திருப்பும் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வது எவ்வளவு சிறிய செலவு! வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் நடப்பது அதனினும் செலவற்றது.

2007 ஜூன் 19ஆம் நாள் வத்திக்கானில், புலம்பெயர்ந்தோர் மற்றும் பயணியருக்கான திருப்பீட அவை, சாலைகளில் ஆற்றவேண்டிய மேய்ப்புப் பணி பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. முதலாவது, கொலை செய்யாதே என்பதே. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக்காதே என்றும், ஓட்டும் நிலையில் இல்லாதவரை அன்போடு தடுத்துவிடு என்றும், சாலையில் வலுவற்றவரைக் காத்திடு என்றும் பொருள்பட அவை அமைந்துள்ளன. இவற்றைக் கேட்டபோது அம்மா, "இதைத்தானே உங்க அப்பா வாய்விட்டுச் சொல்லாம செஞ்சாங்க" என்றார். காரையாற்றை அம்மா மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

'அன்போடு தடுப்பது' எளிதன்று என்பதைச் சென்ற ஆண்டு கற்றோம். எங்கள் தாய்மாமன் மகன் மீன் ஏற்றும் லோடு வேன் வைத்திருக்கிறான். அதைக் கழுவி, பாய் விரித்து, வடக்கன்குளத்தில் நடக்கும் ஒரு நிச்சயதார்த்தத்திற்கு இருபத்தைந்து பேரை ஏற்றிச் செல்லவேண்டும் என்று பெரியதாழைச் சித்தி கேட்டார்கள். எங்கள் பன்னிரண்டு இருக்கை வேனுக்கு இரண்டு நடை வாடகையாகுமே, லோடு வேனில் ஒரே நடையில் முடியுமே என்பது அவர்கள் கணக்கு. அதுவும் ஒரு சிக்கனந்தான். எங்கள் அப்பாவின் ரீட்ரெட் டயரைப் போல.

நாங்கள் மறுத்தோம். மச்சானையும் மறுக்கச் செய்தோம். "செத்தா நாங்கதானே சாவோம்" என்றார்கள் சித்தி. திறந்த வண்டியில் நிற்பவர்களை ஒரு திடீர் பிரேக் எவ்வாறு வீசியெறியும் என்பதைச் சொன்னோம். சட்டத்தையும் சொன்னோம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர்களுக்கு இன்சூரன்சு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அப்படி ஒன்று நேர்ந்தால் இருபத்தைந்து குடும்பங்களின் நட்டஈடு மச்சான் தலையில்தான் விழும். அவனிடம் இருப்பதோ தவணை முடியாத ஒரு வண்டி. பயணிகள் வேனிலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மிகைப்பட்ட ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம். அவர்களை இறக்கி வேறு வண்டி ஏற்பாடு செய்யும்வரை வண்டியை நகர்த்தவும் விடமாட்டார்கள். சித்திக்கு இவை எதுவும் காதில் ஏறவில்லை. "சட்டம் பேசுற வீட்டுல எனக்கு என்ன வேலை" என்று எழுந்துபோனார்கள். தம்பி வேனை டீசல் செலவுக்கு மட்டும் இரண்டு நடை ஓட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினோம், ஏற்கவில்லை. வேறெங்கோ ஒரு லோடு வண்டி பிடித்துப் போனார்கள். நல்லபடியாகவே போய்த் திரும்பினார்கள். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று ஊர் முழுவதும் சொன்னார்கள்.

ஆம், ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. காரையாற்றில் இறங்குமுன் அப்பாவும் எத்தனையோ இறக்கங்களில் நியூட்ரலில் விட்டிருப்பார்.

சித்தி இப்போதும் செவ்வாய்தோறும் பெரியதாழையிலிருந்து பஸ்ஸில் உவரிக்கு வருகிறார்கள். கோவில் முகப்பில் எங்கள் வேன் நின்றால் மறுபக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். தம்பி வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பான்; பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவான். சென்ற மாதம் ஒரு பேரப்பிள்ளையிடம் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். யாருக்கென்று சொல்லவில்லையாம். அம்மா அதை வாங்கி உள்ளே வைத்தார்.